டொரோண்டோ வெல்லுமா?

லூயிஷாம், லண்டன்,
வெள்ளிக்கிழமை

என் அன்புக்குரிய உமக்கு,

மகளும் குழந்தையும் சுகம் என்று அறிந்தேன். இனி ஆட்டத்துக்கு வருகிறேன்.

ஏப்ரலில் மகளின் பிள்ளைப்பேறு பார்க்க டொரோண்டோ போன நீர், மருமகனோடு சேர்ந்து பேஸ்போலில் ஊறிவிட்டீர். எப்போது திரும்புவீர் என்று ஜூனில் கேட்டேன். "இந்த சீசன் முடியட்டும், வாறன்" என்றீர். செப்டம்பரோடு டொரோண்டோ அணி தோற்றுவிடும் என்று நம்பித்தான் நானும் பார்க்கத் தொடங்கினேன். இப்போது உம்முடைய டொரோண்டோ இறுதித் தொடருக்கே வந்துவிட்டது. போதாக்குறைக்கு எனக்கும் அவர்களைப் பிடித்துவிட்டது!

உள்ளதைச் சொல்கிறேன். அடிப்பவர்கள் நல்ல சூட்டில் இருக்கிறார்கள். எறிபவர்களைத்தான் நம்ப முடியாது. அந்த இடக்கையனின் தோள் இன்னும் தேறவில்லை. ஏழு ஆட்டத்தில் நாலு வென்றால் கிண்ணம். ஆனால் ஏழு வரைக்கும் இழுபடும் என்பதே என் கணிப்பு.

நீர் சமைத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போன கறிப் பெட்டிகளில் கடைசி ஒன்றை இன்னும் திறக்கவில்லை. ஏன் என்று கேட்க வேண்டாம்.

இன்று காலை சிவன் கோவிலுக்குப் போனேன். டொரோண்டோ தோற்கட்டும் என்று கும்பிடத்தான் போனேன். "ஆரின்ரை பேருக்கு அர்ச்சனை?" என்று ஐயர் கேட்டார். உமது பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். அதற்குப் பிறகு தோல்வியைக் கேட்க மனம் வரவில்லை. தோற்றால் நீர் அழுவீர்.

அவர்கள் வெல்லட்டும். ஆனால் ஏழு வரைக்கும் இழுக்காமல், முதல் நாலையும் வெல்லச் சொல்லும்.

ஹீத்ரோவில் வந்து நிற்கப்போகும்
உம்முடையவன்