நீல டிரம்மில் வளர்ந்த கறிவேப்பிலை

வடக்குப்பட்டு

என் செல்ல மகள் நிலாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே அப்பாவும் நானும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. மணிமங்கலத்து ஷெர்லின் கம்பெனி டிரெய்னிங்குக்காக நாளைக்கே நீ இருக்கும் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் பாதியில் நான் அழுவேன், நீ பயந்துபோவாய், ஒன்றும் விளங்காது. உட்கார்ந்து நிதானமாகப் படி. மாப்பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும்.

நீ அங்கே கறிவேப்பிலைக் கன்று வாங்கியதாகவும் இலை மஞ்சளாகி உதிர்வதாகவும் சொன்னாய் அல்லவா, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தினமும் தண்ணீர் ஊற்றியே அதைக் கொன்றுவிடாதே. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார், ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். குளிரில் இலை கொட்டத்தான் செய்யும், செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடாதே, வெயில் விழும் ஜன்னலோரம் வை, ஹீட்டர் பக்கத்தில் மட்டும் வேண்டாம். வெயில் காலம் வந்து துளிர் விட்டதும் நுனியைக் கிள்ளிவிடு, அப்போதுதான் பக்கக் கிளை வரும், இல்லாவிட்டால் உன்னைப் போலவே ஒல்லியாக உயர்ந்துகொண்டே போகும். புளித்த மோரில் நிறையத் தண்ணீர் கலந்து எப்போதாவது ஊற்று, அதையும் பால்கனியில் வைத்து ஊற்று, வீட்டுக்குள் ஊற்றினால் நாற்றத்தில் மாப்பிள்ளை வெளியேறிவிடுவார். இலைக்கு அடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால் வேப்பெண்ணெயைத் துளி சோப்போடு தண்ணீரில் கரைத்துச் சாயங்காலமாகத் தெளி. எல்லாவற்றையும் விட முக்கியம் தொட்டி. கடையில் புதிதாக, அடியில் ஓட்டை உள்ளதாகப் பார்த்து வாங்கு. சும்மா கிடைக்கிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று எந்த வாளியையும் டப்பாவையும் வீட்டுக்குள் கொண்டுவராதே.

நம் மாடி அறையில் குடியிருக்கும் மாரிராஜை உனக்குத் தெரியும், சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனி வேலை. போன வருஷம் நான் தொட்டி விலையைக் கேட்டு மலைத்துப்போயிருந்தபோது எங்கிருந்தோ ஒரு நீல டிரம்மை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, இரண்டாக அறுத்து ஓட்டையும் போட்டுக் கொடுத்தான். இந்தப் பக்கம் பாதி மொட்டை மாடிகளில் அந்த நீல டிரம்தான், முன்னால் அதில் என்ன இருந்தது என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை, நானும் யோசிக்கவில்லை. ஒரு பாதியில் கறிவேப்பிலை வைத்தேன், மறு பாதியில் தக்காளி. கறிவேப்பிலை கருகருவென்று மண்டிக்கொண்டு வந்தது. மசக்கையில் உனக்குச் சோறு இறங்கவில்லை என்றதும் அந்த இலையைத்தான் நிழலில் காயவைத்து, வறுத்துப் பொடித்து அனுப்பினேன். தக்காளி மட்டும் இலை ஓரம் கருகிச் சுருண்டுகொண்டே இருந்தது. உரம் அதிகமோ என்று நிறுத்தினேன், வெயிலோ என்று நிழல்வலை கட்டினேன், வேரில் பூச்சியோ என்று வேப்பம்பிண்ணாக்கு போட்டேன், எதற்கும் அசையவில்லை. கடைசியில் மண்ணை முழுக்கக் கொட்டிப் பார்த்தால் டிரம்மின் அடியில் மஞ்சளாக ஏதோ பாகு மாதிரி உறைந்து கிடக்கிறது, பெயிண்ட் கடை வாசனை அடிக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்த மாரிராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் முகம் செத்துவிட்டது. யக்கா, சத்தியமா இது நம்ம கம்பெனி டிரம் இல்லக்கா, பழைய சாமான் கடையில எடுத்தது, சோப்பு வந்த டிரம்முன்னுதான் கடைக்காரரு சொன்னாரு, நானும் நல்லாக் கழுவித்தான் கொண்டாந்தேன் என்று அழ ஆரம்பித்துவிட்டான். அந்தக் கடையில் போய் அப்பா கேட்டதற்கு, இன்னா சார், டிரம்முக்கெல்லாம் ஜாதகமா எழுதி வச்சிக்கினு கீறோம் என்றார்களாம். அதில் என்ன இருந்தது என்று யாருக்குமே தெரியவில்லை நிலா, அதுதான் என்னைத் தின்கிறது. தெரிந்தாலாவது இன்னதென்று பயப்படலாம்.

உடனே உனக்குப் போன் செய்து பொடியில் வண்டு விழுந்திருக்கும், சாப்பிடாதே என்றேன். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. நீ என் மகளாயிற்றே, வண்டு இருந்தா சலிச்சிக்கிறேம்மா, இது இல்லாம ஒரு வாய் சோறு எறங்கல என்று சொல்லிவிட்டாய். அதனால்தான் மறுநாள் அப்பா போனைப் பிடுங்கி, இனிமேல் பொடியைத் தொடாதே, காரணத்தை அம்மா எழுதுவாள் என்று உன்னை அதட்டினார். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம் கண்ணு. மண்ணையும் இலையையும் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை. நீ அதற்காகக் காத்திருக்காதே. உடனே டாக்டரிடம் போ, மீதிப் பொடியை டப்பாவோடு எடுத்துக்கொண்டு போ, எப்போதிலிருந்து, எவ்வளவு சாப்பிட்டாய் என்று ஒளிக்காமல் சொல். அம்மாவுக்குக் கெட்ட பெயர் வருமே என்று மென்று முழுங்காதே. எனக்கு எந்தப் பெயர் வந்தாலும் பரவாயில்லை.

இனி அப்பா விஷயம். தக்காளி டிரம்மைக் கண்ட அன்றைக்கே கறிவேப்பிலையையும் பிடுங்கிவிடலாம் என்றேன், இருக்கட்டும் என்றார். செடி மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டேன். துணி காயப்போட மாடிக்குப் போனால், மனுஷன் அந்தச் செடி முன்னால் நின்று இலையைக் கொத்தாக உருவி வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறார். கத்தினேன். அவரோ நிதானமாக, நிலா பாப்பா துன்னதுக்கு மேலயே நான் துன்னுகினு கீறேன், எனக்கு ஒண்ணும் ஆவலன்னா கொயந்தைக்கும் ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம் என்கிறார். உங்கள் கட்டை உடம்பும் வயிற்றுப் பிள்ளையும் ஒன்றா என்று கேட்டேன், இன்னொரு கொத்தை உருவினார். அவர் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து செடியை வேரோடு பிடுங்கிச் சாக்கில் போட்டுக் கட்டி வைத்தேன். வந்து பார்த்தார், கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். சரி, விட்டுவிட்டார் என்று நானும் இருந்துவிட்டேன். இன்று காலையில் துவைக்க அவர் சட்டையை எடுத்தேன். பையில் வாடிப்போன கறிவேப்பிலை. சாக்கைப் போய்ப் பார்த்தேன், கட்டு அவிழ்ந்து கிடந்தது.

நீயும் குட்டியும் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிய மணிமங்கலத்துப் பெருமாள் துணை இருப்பார். மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி. அந்தப் பொடியை வீணாகிறதே என்று உன் செடிக்கு உரமாகப் போட்டுவிடாதே, எனக்கு உன் புத்தி தெரியும். டாக்டரைப் பார்த்து வெளியே வந்ததும் முதல் போன் எனக்கு வேண்டாம், அப்பாவுக்குப் போடு. அவர் கேட்கமாட்டார், நீயாகவே சொல். நீ சொல்லும்வரை அவர் நிறுத்தமாட்டார்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
சரோஜா