பூச்சு உரிந்த இடம்

ஐப்பசி 4, செவ்வாய். விடாத தூறல்.

நான் அப்போதே சொன்னேன், பூச்சு உரியும் என்று. அக்கா மகள் செல்வியின் பட்டறையிலிருந்து நூல் மில்லுக்கு சாம்பிளாகப் போன ஆறு இரும்புத் தண்டும் திரும்பி வந்துவிட்டன. மில்லில் எண்ணெய் போட்டால் பஞ்சு அப்பும். அதற்குத்தான் இந்தக் கறுப்புப் பூச்சு. அடித்து, சூளையில் காயவைத்தால் எண்ணெயே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். முப்பது வருடம் மில் பிட்டர் நான், எனக்குத் தெரியாததா? (கடைசி நாலு வருடம் வாட்ச்மேன். அது கணக்கில்லை.)

மில்லில் இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்பார்களாம். அதுவும் தேறாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்கிறாள்.

வாங்க: பிரஷர் மாத்திரை, வெற்றிலை.

5, புதன். வெயில்.

செல்வி லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ஆறிலும் ஒரே இடத்தில், ரூபாய்க் காசு அகலத்துக்கு உரிசல். "கழுவுன பெறகு யாரோ தொட்டுருக்காக மாமா. அழுக்கு மேல பூச்சு நிக்காது."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். பூச்சு அடிப்பதற்கு முன், கழுவி வைத்திருந்த ஆறுக்கும் நல்ல நேரத்தில் சந்தனம், குங்குமம் வைத்தவன் நான். துண்டால் துடைத்தும் விட்டேன். பொட்டு வைக்காமல் எந்த மெஷினை ஓட்டியிருக்கிறோம்?

வாய் முந்திக்கொண்டது. "வேலு வடை தின்ன கையோட எடுத்தான். என் கண்ணால பாத்தேன்."

வேலுதான் பூச்சு அடிக்கிறவன். பட்டறையில் இருக்கும் ஒரே வேலையாள். அங்கேயேதான் நின்றான்.

"ஏண்ணே, நானா? கையுறை போட்டுல்ல எடுத்தேன்!"

"அம்புட்டு தடவ சொன்னேன்ல வேலுண்ணே," என்றாள் செல்வி. "நாளைலருந்து வர வேணாம்."

14, வெள்ளி. முழங்கால் வலி.

அவளே கழுவி, அவளே அடித்தாள். நான் கிட்டவே போகவில்லை. பூச்சு நின்றுவிட்டது. மில் ஆர்டர் கொடுத்தாயிற்று. மில்காரர்களிடம் போனில் சொல்கிறாள்: "கோளாற எங்க மாமாதான் கண்டுபிடிச்சாரு." பெருமையாகத்தான் இருந்தது, செத்த நேரம்.

சாயங்காலம் தாடிக்கொம்பு பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் வேலு. சண்டை பிடிப்பான் என்று பார்த்தால், மெதுவாகக் கேட்டான்: "எங்க நின்னு பாத்தீகண்ணே?"

என் பஸ் வந்துவிட்டதுபோல், வந்து நின்ற ஒன்றில் ஏறிவிட்டேன். அது ஆத்தூர் பஸ்.

15, சனி.

பூச்சு அடித்த அன்று பட்டறைப் பக்கம் வடைக்காரர் வரவே இல்லை. வடை நானாகக் கட்டிச் சொன்னது.