கேட்காமலே செய்தவை

கோயம்புத்தூர்
11.6.2025

எழிலரசிக்கு,

மூன்று வருடம் கழித்து இது என்ன கடிதம் என்று நினைப்பாய். நானாக எழுதவில்லை. கம்பெனி கொடுத்த படிவத்தில் இருக்கிறது. 'அறையில் எழுதும் தாளும் பேனாவும் உள்ளனவா, பேனா எழுதுகிறதா' என்பது பதினோராவது கேள்வி. எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். வேறு யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் மாம்பழக்கூழ் கம்பெனியிலிருந்து மாதம் பத்துப் பேராவது மெஷின் வேலையாகக் கோயம்புத்தூர் வருகிறார்கள். இனி எல்லோரும் ஒரே ஹோட்டலில்தான் தங்க வேண்டுமாம். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற பெரிய ஹோட்டல்கள் மூன்றைப் பொறுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நாள் தங்கி, நாற்பது கேள்விக்குப் பதில் எழுதி, எது தேவலை என்று சொல்ல வேண்டும். பச்சியப்பன் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதாங்கண்ணா போவணும். எதுல விட்டாலும் குறை கண்டுபுடிக்கிறதுல உங்கள அடிச்சிக்க ஆளில்லீங்க" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். என்னிடம் வேலை கற்றவன். எனக்கு வர வேண்டிய மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறான். பாராட்டா நக்கலா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

இன்று அவிநாசி ரோட்டு ஹோட்டல். கதவுக்குச் சாவி இல்லை, அட்டை. அதே அட்டையைச் சுவரில் செருகினால்தான் விளக்கு எரிகிறது. குளியலறை விளக்கை அணைக்கப் போனேன், ஜன்னல் திரை தானாக மூடிக்கொண்டது. ஒற்றை ஆளுக்கு ஐந்து தலையணை. கட்டிலின் கால்மாட்டில் மெத்தைக்குக் குறுக்கே ஒரு முழ அகலத்துக்குப் பட்டுத்துணி போல ஒன்றை விரித்திருக்கிறார்கள். போர்த்திக்கொள்ளவும் முடியாது, துடைத்துக்கொள்ளவும் முடியாது. அது எதற்கு? உனக்குத் தெரிந்திருக்கும்.

பட்டியலில் மூன்றாவது உன் ஹோட்டல். நான் சேர்க்கவில்லை. நீ அங்கே வரவேற்பில் மேனேஜர் என்று உன் அம்மா சொல்லித்தான் தெரியும். நீ வேலைக்குச் சேர்ந்த அன்று நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று என்னை நம்ப வைத்துவிட்டு, சேலத்தில் ஒரு வருடம் ஹோட்டல் படிப்புப் படித்தவள் நீ. ஊரான் படுத்த படுக்கையை உதறுவதற்காக நான் உன்னைப் படிக்க வைக்கவில்லை.

பேனா நன்றாக எழுதுகிறது.

மா. ராஜப்பன்


கோயம்புத்தூர்
17.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எழில் எழுதுகிறேன். ஹோட்டல் முகவரிக்கு உங்கள் கையெழுத்தில் கவர் வந்ததும் அம்மாவுக்கு என்னவோ என்று பயந்துவிட்டேன். அவசரமாகப் பிரித்தால் உள்ளே ஐந்து தலையணை. சிரித்தேன். கொஞ்சம் அழுதேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறுக்குத்துணி, செருப்போடு காலை நீட்டுகிறவர்களுக்காக. பெட்டியைக் கட்டில்மேல் வைத்துத் திறக்கிறவர்களுக்காகவும். வெள்ளை விரிப்பு அழுக்காகாமல் இருக்க. வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கும் இது விளங்கவில்லை.

ஹோட்டல்களை ஒப்பிட வழி சொல்கிறேன். நுழைந்ததும் வருகிற வாசனைக்கு மார்க் போடாதீர்கள், அதை மெஷின் வைத்து ஊதுகிறோம். கெட்டிலின் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். இஸ்திரிப் பெட்டி கேளுங்கள், வருவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். வேலையாக வருகிறவருக்குக் காலை ஏழு மணிக்கு டிபன் வேண்டும், வைஃபை திணறக் கூடாது, சட்டை சுருக்கமில்லாமல் வெளியே போக வேண்டும். மற்றதெல்லாம் அலங்காரம்.

நீங்கள் தங்கிய இடத்திலிருந்து எங்கள் வீடு நான்கு கிலோமீட்டர் அப்பா. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. மகள் இருக்கிற ஊரில் நீங்கள் ஹோட்டலைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த முறை வரும்போது வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிடுங்கள். அம்மா சொல்லிக் கேட்கவில்லை. நானே கேட்கிறேன்.

பாசமுள்ள மகள்
எழில்


கோயம்புத்தூர்
2.7.2025

எழிலரசிக்கு,

இது ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஹோட்டல். காலையில் கண் விழித்தபோது எந்த ஹோட்டலில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. அதே வெள்ளை விரிப்பு, அதே குறுக்குத்துணி, சுவரில் அதே மங்கலான படம். அது மலையா, அலையா, மாட்டு முதுகா என்று போன தடவையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கீழே போய், "இதுவும் அவிநாசி ரோட்டு ஹோட்டலும் ஒரே கம்பெனிங்களா?" என்று கேட்டேன். வரவேற்பில் இருந்தவன் முகம் சுருங்கிவிட்டது. "அவங்க வேறங்க சார். நாங்க வேற" என்றான். எதில் வேறு என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "எங்களுது லிஃப்ட்ல பாட்டு வராதுங்க சார்" என்றான். அதை அப்படியே எழுதிக்கொண்டேன். வேறு வித்தியாசம் எனக்கும் அகப்படவில்லை.

கெட்டிலைத் திறந்து பார்த்தேன். நீ சொன்னது சரி. போன தடவை அங்கே சட்டைக்காகக் கேட்ட இஸ்திரிப் பெட்டி வர நாற்பது நிமிடம், இங்கே பதினெட்டு. பத்தொன்பதாவது கேள்வி ஒன்று இருக்கிறது. 'நீங்கள் கேட்காமலே செய்துகொடுத்தவை எவை?' இரண்டு இடத்திலும் 'எதுவும் இல்லை' என்று எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு வரச் சொல்லி எழுதியிருந்தாய். இப்போது வரச் சொல்கிறாய். மகள் கல்யாணத்துக்கு அப்பனுக்குத் தபாலில் பத்திரிகை வந்தது நம் ஜில்லாவிலேயே என் வீட்டுக்குத்தான் இருக்கும். தபால்காரர், "உங்களுக்கே பத்திரிகைங்களா?" என்று கேட்டார். தீர்த்தமலையில் தாலி கட்டியபோது நான் ஆபீசில் மாம்பழ லாரி எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் தேதி உன் ஹோட்டலுக்கு வருகிறேன். கம்பெனி வேலை. நீ என் மகள் என்று தெரிந்தால், "மவ ஓட்டலுக்கு அப்பன் மார்க்கு போட்டாரு" என்று பச்சியப்பன் ஊர் பூராவும் சொல்லுவான். ஆகவே உனக்கு என்னைத் தெரியாது, எனக்கு உன்னைத் தெரியாது. வருகிற எவனோ ஒருவனை எப்படி நடத்துவாயோ அப்படி நடத்து. ஒரு இம்மி கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். அறிக்கை கொடுத்து முடிகிற வரைக்கும் வீட்டுப் பேச்சும் வேண்டாம்.

மா. ராஜப்பன்


கோயம்புத்தூர்
5.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சரிங்க அப்பா. அப்படியே நடந்துகொள்கிறேன். எனக்கு அதில் பழக்கம் உண்டு.

ஒன்று மட்டும். பத்திரிகையைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு நானும் அருணும் இரண்டு முறை பென்னாகரம் வந்தோம். இரண்டு முறையும் நீங்கள் பின்கதவு வழியாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டீர்கள். உங்கள் மருமகன் இதுவரை பார்த்தது உங்கள் முதுகை மட்டும்தான். தபாலில் அனுப்பியது மூன்றாவது முறை.

எழில்


பென்னாகரம்
11.7.2025

எழிலரசிக்கு,

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

உன் ஹோட்டல் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கி உள்ளே வந்தேன். நீ கரும்பச்சைப் புடவையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். மெலிந்திருக்கிறாய். "வெல்கம் சார். ஐடி ப்ரூஃப் குடுங்க சார்" என்றாய். கொடுத்தேன். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தகப்பன் பெயர் என்று நான் எழுதிக் கொடுத்த அதே பெயரை அட்டையில் பார்த்து, "மிஸ்டர் ராஜப்பன்?" என்று கேட்டாய். அப்பன் பேரைச் சொல்லி முகத்துக்கு நேரே கூப்பிட்ட மகளை நான் எங்கும் கண்டதில்லை. "ஆமாங்க" என்றேன். உன்னிடம் 'ங்க' போட்டேன். "பிசினஸ் விசிட்டா சார்?" என்றாய். அதற்கும் "ஆமாங்க."

நீ செய்தது நான் சொன்னதைத்தான். தப்பில்லை. ஆனால் இத்தனை நன்றாகச் செய்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு சிறு கண்ஜாடை கூட இல்லை. நான்தான் அடையாளம் தெரியாமல் வேறு யாரோ ஒரு பெண்ணிடம் பேசிவிட்டேனோ என்று லிஃப்டில் போகும்போது சந்தேகம் வந்துவிட்டது.

அறைக்குப் போனால் இன்னொரு குழப்பம். முதல் மாடி, லிஃப்டிலிருந்து நான்கு எட்டு. குளியலறையில் உட்கார்ந்து குளிக்க முக்காலி. என் முழங்காலை உனக்குத் தெரியும். மேஜைமேல் ஃபிளாஸ்கில் வெந்நீர். எனக்குச் சளி என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிலில் தட்டையான தலையணை. காலையில் இட்லி, ரொட்டிக்கு நடுவே கேழ்வரகுக் கூழ், பக்கத்தில் வெங்காயம்கூட.

அறை சுத்தம் செய்ய வந்த ராமக்காளிடம் கேட்டேன். அரூர்ப் பக்கத்து அம்மா.

"எல்லா ரூம்லயும் முக்காலி உண்டுங்களா?"

"தெரியலீங்க சார். வைய்யின்னாங்க, வெச்சேன்."

"யாரு வைக்கச் சொன்னாங்க?"

"கீழ இருந்துதாங்க சொன்னாங்க. வேண்டாமுன்னா எடுத்துர்றேன் சார், இதுக்குப் போயி கம்ப்ளைண்டு எளுதிப்புடாதீங்க."

எதிர் அறை திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். ஐம்பத்து நாலு வயதில் அடுத்தவன் அறையில் எட்டிப் பார்க்கிற நிலைமை. அங்கே முக்காலி இல்லை. ஃபிளாஸ்க் இல்லை. தலையணை உப்பலாக இருந்தது.

ஆக, இதெல்லாம் நீ செய்தது. ஹோட்டல் செய்ததில்லை. அப்படியானால் பத்தொன்பதாம் கேள்விக்கு நான் என்ன எழுதுவது? மகள் செய்ததை ஹோட்டலுக்கு மார்க்காகப் போட்டால் அது பொய். போடாவிட்டால் நான் கூழ் குடித்தது பொய். ஒரு இம்மி கூட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஏன் மீறினாய் என்று கோபப்பட உட்கார்ந்தேன், கோபம் வரவில்லை. அது இன்னும் குழப்பமாக இருக்கிறது. கிளம்பும்போது, "எல்லாம் திருப்தியா இருந்துதா சார்?" என்று கேட்டாய். "பார்க்கலாம்" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்?

எது எது உன்னுடையது, எது ஹோட்டலுடையது என்று ஒளிக்காமல் எழுது. உன்னுடையதைக் கழித்துவிட்டு மார்க் போடுகிறேன்.

மா. ராஜப்பன்


கோயம்புத்தூர்
16.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கழிக்க எதுவும் இல்லை.

வாசலில் நிற்கிற ஆண்டி அண்ணன், நீங்கள் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தார். பார்த்தால் எங்களுக்குச் சொல்ல வேண்டும், அது அவருடைய வேலை. அதனால் முதல் மாடி, அதனால் முக்காலி. பதிவு செய்யும்போது நீங்கள் இரண்டு முறை இருமினீர்கள். என் பக்கத்தில் நின்ற பயிற்சிப் பெண் குறித்துக்கொண்டாள், வெந்நீர் போனது. எதிர் அறையில் இருந்தவருக்கு முப்பது வயது, காலையில் ஓடப் போகிறவர். தட்டைத் தலையணை ஒன்று எல்லா அறையிலும் இருக்கும், வயதானவர்களுக்கு அதை மேலே வைப்போம். கூழ் தினமும் உண்டு.

நான் எதுவுமே செய்யவில்லை அப்பா. செய்யாதே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு உள் அறைக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்றேன். உங்களுக்காக என்று அன்று நான் செய்தது அது ஒன்றுதான். அதற்கு உங்கள் படிவத்தில் கேள்வி இருக்காது.

என் பாசம் என்று நீங்கள் நினைத்ததெல்லாம் என் வேலை. அந்தப் பயிற்சிப் பெண்ணுக்கும் ஆண்டி அண்ணனுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தது நான். படுக்கையை உதறுவது என்று நீங்கள் சொன்ன வேலைக்குள் இதெல்லாம் இருக்கிறது.

அன்று வீட்டில் மூன்று பேருக்குச் சமைத்திருந்தோம். அறிக்கை முடியட்டும் என்று நீங்கள் எழுதியிருந்தும் அருண்தான் கேட்கவில்லை, "ஒருவேளை வந்துட்டாங்கன்னா?" என்றார்.

அறிக்கையை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். எங்கள் ஹோட்டல் கடைசியாக வந்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வீட்டுக்கு வருவீர்களா, மாட்டீர்களா? மூன்றாவது முறையாகக் கேட்க மாட்டேன். மாட்டேன் என்றால் அதையாவது ஒரு வரியில் எழுதிவிடுங்கள். காத்திருக்காமல் இருக்கப் பழகிக்கொள்வேன்.

எழில்


பென்னாகரம்
24.7.2025

எழிலரசிக்கு,

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். உன் ஹோட்டலுக்கு முதல் இடம். பத்தொன்பதாம் கேள்விக்கு இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தேன். பச்சியப்பன் இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்கண்ணா, உடம்பு கிடம்பு சரியில்லீங்களா? ஒரு குறையும் காணமே" என்றான்.

"அங்க வரவேற்பு மேனேஜர் என் மவ" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை. சொல்லாமல் இருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பான். ஆபீசில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு மவ இருக்குதுங்களா?" என்றான் பச்சியப்பன். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவன். நான் அவனிடம் சொன்னதே இல்லை போலிருக்கிறது. பிறகு, "அப்ப இது செல்லாதுங்களேண்ணா. வேற ஆளத்தான் அனுப்போணும்" என்று சிரித்தான். அறிக்கையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். இந்தத் தடவை அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபது வருடத்தில் அவன் சரியாகச் செய்தது இது ஒன்று. அந்த நாற்பது கேள்வித் தாளை உன் அம்மா பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள். இரண்டு முறை எடுத்துப் படித்துவிட்டாள்.

இனி கம்பெனி என்னைக் கோயம்புத்தூருக்கு அனுப்பாது. வந்தால் நானாகத்தான் வர வேண்டும். நீ எதுவுமே செய்யவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து முதலில் வலித்தது. அப்புறம் நானும் இத்தனை வருடம் எதுவுமே செய்யவில்லை என்பது தெரிந்தது. வேறு விதமாக எழுத எனக்கு வரவில்லை.

ஆகஸ்ட் இரண்டு, சனிக்கிழமை, நானும் உன் அம்மாவும் மொரப்பூரில் ரயில் ஏறுகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று. திரும்பி வருவதற்கு எடுக்கவில்லை. அதில்தான் குழம்பிக்கொண்டிருக்கிறேன். ஹோட்டல் என்றால் மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மகள் வீட்டில் எத்தனை நாள் இருக்கலாம், எப்போது கிளம்பினால் சரியாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. உன் அம்மாவைக் கேட்டால் சிரிக்கிறாள். நீ எழுது.

அப்பா