கூத்து மண்டபம் யானைக்கொட்டில் ஆகாது நின்ற வகை அறிவிக்கும் திருமுகம்

திரை ஓயாத வெண்டிரைப் பட்டினத்திலிருந்து, கடலுக்குக் காவலரும் கலங்களுக்கு நிழலுமாகிய மாமன்னர் திருவுள்ளப்படி, அவர்தம் இலச்சினை தாங்கும் துறைமுக அமைச்சன் எட்டிச் சாத்தன் விடுக்கும் திருமுகம். களிறு பிறக்கும் காடும் கார் தங்கும் சிகரமும் உடைய வேழமலைச் சீமைக்கு அதிபதியும் யானைப்படைக்குத் தலைவருமாகிய கட்டிவரையனார் சமூகத்துக்கு எய்துக. தங்கள் குடி தழைக்க. தங்கள் களிறுகள் வேளை தவறாது உண்க. யானை பிடிக்கக் காடேகி ஓராண்டாய்த் தலைநகர் காணாதிருக்கும் தாங்கள் இச்செய்தியை அமர்ந்தே கேட்டருள்க. நின்று கேட்பது உடம்புக்கு ஆகாது.

சென்ற தை முதல் நாள் பேரவையில் நிகழ்ந்தது தங்கள் நினைவில் இருக்கும். அரசர் கல்விச்சாலையில் சாமிரத் தீவாரின் மொழியையும் கூத்தையும் ஒருங்கே பயிற்றும் பிரிவுக்கு விடப்பட்ட அறுபது தூண் மண்டபத்தைத் தாங்கள் யானைக்கொட்டிலாகக் கேட்டீர்கள். பிள்ளைகள் ஒட்டுமீசை வைத்துக்கொண்டு அயலான் பேச்சில் அழுவதற்கு அறுபது தூண் எதற்கு என்றும், தங்கள் யானை ஒரு காதை அசைத்தால் அதில் இதைவிடப் பொருள் இருக்கும் என்றும் தாங்கள் மொழிய, அவையே குலுங்கிச் சிரித்தது. அப்பிரிவின் தலைமை ஆசிரியை கொற்றங்கிள்ளையார் மட்டும் சிரிக்கவில்லை. பதினெட்டு ஆண்டு அவர் குரல் பட்டுப் பட்டு வழவழப்பேறிய தூண்கள் அவை. மன்னரோ இருவருக்கும் பொதுவாக ஒரு தவணை அருளினார்: ஓராண்டுக்குள் அப்பிரிவால் நாட்டுக்கு ஒரு நன்மை விளைந்தால் மண்டபம் அவர்களுக்கு, விளையாவிடில் அடுத்த தை பிறக்கும் நாளில் யானைகளுக்கு. தாங்கள் காடேகும் முன்பே முளைகளும் சங்கிலிகளும் இறக்கி, கார்முகில் என்னும் பிடியையும் மண்டபத்து முற்றத்தில் கட்டிவிட்டுப் போனீர்கள். பெண் பார்க்குமுன் பந்தல் போட்டவரை இவ்வமைச்சன் தான் வளர்ந்த வணிகத் தெருவிலும் கண்டதில்லை.

அன்று முதல் கொற்றங்கிள்ளையார் பாடம் சொல்லும்போதெல்லாம் அந்த யானை தழை முறிக்கும் ஓசை அவர் காதில் விழும். விழுந்தபோதெல்லாம் அவர் வேகம் கூடிற்று. சித்திரையில் மாணாக்கர் அனைவரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய், அலை இரைச்சலுக்கு மேலே குரல் எழும் மட்டும் சாமிரப் பாடல்களை ஒப்பிக்கச் செய்தார். மீனவப் பெண்கள் கூடையை இறக்கிவைத்து, எந்தப் பிள்ளைக்குத் தொண்டை, எந்தப் பிள்ளைக்கு வெறும் வாய் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஆனியில் சாமிரக் கப்பலின் சமையற்காரன் ஒருவனை வகுப்புக்கு அழைத்துவந்தார். அவன் அவர்கள் நாட்டுக் குழம்பு வைக்கக் கற்பித்தான். குழம்பு கொதிக்கும் நேரத்தில், அவர்கள் சந்தையில் வாதாடும் முறையையும் ஏச்சு பதினான்கையும் சேர்த்தே கற்பித்தான். கல்விச்சாலையின் இலக்கண ஆசிரியர் காதைப் பொத்திக்கொண்டு வந்து, பாடம் எப்போதுதான் நடக்கும் அம்மணி என்று வினவ, நடப்பதே பாடம் ஐயா, தங்களிடம் இருப்பது அதன் எலும்பு என்று அவர் விடை பகர்ந்தாராம்.

ஆவணியில் சாமிரக் கப்பலின் மேல்தளத்தில் நடந்த கூத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றார். பாதிப் பேர் கப்பல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் நடுக்கூத்தில் பாய் படபடத்து அடிக்க, வசனம் மறந்த நடிகன் வாய் மூடாமல் நாவுக்கு வந்ததைப் பேசிக் கூத்தை ஓட்டியதை அவர் கண்டார். மறுநாளே பிரிவுக்கு ஒரு சட்டம் பிறந்தது: மறந்தவர் நிற்கலாகாது, எதிரே நிற்பவர் விடை சொல்லும் மட்டும் பேசியே தீரவேண்டும்.

இனி அத்தீவாரோடு நாம் செய்யும் உடன்படிக்கைக்கு வருவோம். சாமிரர் எழுத்தை நம்பாதவர் என்பது தாங்கள் அறிந்ததே. இரு நாட்டாரும் மேடையேறிக் கேள்வியும் விடையுமாக நடித்துக் காட்டுவதே அவர்களுக்கு உடன்படிக்கை; மேடையில் சொன்னது சொன்னதுதான். அவர்கள் மொழியில் நடிக்க நம்மிடம் ஆளில்லாததால் இதுநாள்வரை நம் பக்கத்தையும் அவர்களே நடித்தார்கள். அதனால்தான் புயலில் சிக்கிய நம் கலங்களுக்கு அவர்கள் துறையில் மூன்றே நாள் இடம். நான்காம் நாள் புயலுக்குள்ளேயே திருப்பித் தள்ளுவார்கள். தள்ளுண்ட கலங்கள் எத்தனை கரை சேர்ந்தன என்பது பட்டினத்து வீடுகளுக்குத் தெரியும்.

இம்மார்கழியில் சாமிரத் தூதர் லாமோரனார் உடன்படிக்கையைப் புதுப்பிக்க வந்து இறங்கியபோது, நம் பக்கத்தைத் தம் பிள்ளைகள் நடிக்கட்டும் என்று கொற்றங்கிள்ளையார் அரசவையில் நின்று கேட்டார். மன்னர் இசைந்து, மூன்று நாளுக்குப் பதில் பத்து நாள் இடம் கேட்குமாறு பணித்தார். பத்தே அதிகம், தூதர் எழுந்து போய்விடுவார் என்று நடுங்கியவர்களில் இவ்வோலை விடுப்பவனும் ஒருவன்.

அறுபது தூண் மண்டபத்தில் அவை கூடிற்று. புயலில் அடிபட்ட மாலுமியாக உப்பு வணிகர் மகள் மருதக்கன்னி ஒட்டுமீசையோடு நின்றாள். துறைத் தலைவனாகத் தூதரே எதிரில் நின்றார். பத்து நாள் என்னும் சொல் அவள் நாவுக்கு வந்த அந்த நொடியில், முற்றத்தில் தங்கள் கார்முகில் பிளிறிற்று. தூண்கள் அதிர்ந்தன; பெண்ணின் மீசை ஒருபக்கம் கழன்றது; வசனம் முழுதும் பறந்தது. திரைக்குப் பின்னே கொற்றங்கிள்ளையார் முந்தானையைக் கடித்துக்கொண்டு, போயிற்று மண்டபம் என்று கண்ணை மூடிவிட்டார்.

மருதக்கன்னி நிற்கவில்லை. கழன்ற மீசையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, சமையற்காரன் தந்த சந்தைப் பேச்சிலே, யானை ஓசைக்கும் மேலே குரலெடுத்துக் கேட்டாள்: உங்கள் ஊரில் புயல் நாள் எண்ணிக்கொண்டா அடிக்கிறது, பெரியவரே? அது ஓயும் மட்டும் இருப்போம். ஓய்ந்தபின் நீங்கள் இலை போட்டு உட்கார்த்தினாலும் இருக்கமாட்டோம், உங்கள் குழம்பை நாங்கள் தின்று பார்த்தாயிற்று!

தூதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புயல் ஓயும் மட்டும் இருங்கள், குழம்பும் தின்றே தீரவேண்டும் என்று மேடையிலேயே விடை சொன்னார். சொன்னது சொன்னதுதான். பேரம் பேசும் வீட்டில் பிறந்து பேரம் பேசியே நரைத்த எட்டிச் சாத்தன், கனவிலும் கேட்கத் துணியாததை ஒரு பெண்பிள்ளை கேட்டு வாங்கியதைக் கண்டு தலைப்பாகையைத் தூக்கி எறிந்தான்; அது இன்னும் உத்தரத்தில் தொங்குகிறது. கொற்றங்கிள்ளையார் கண் திறந்தபோது மன்னர் எழுந்து நின்றிருந்தார். மன்னர் எழுந்ததால் அவை முழுதும் எழுந்து நின்றிருந்தது. ஓராண்டுக்கு முன் சிரித்த அதே அவை. இம்முறை ஆசிரியையும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார்.

ஆகவே மன்னர் ஆணை இது. மண்டபம் இன்றுமுதல் கூத்துக்கும் மொழிக்கும் உரியது. முளைகளையும் சங்கிலிகளையும் தங்கள் ஆட்களே வந்து பிடுங்கிச் செல்க. கார்முகில் மட்டும் திரும்பாது. தக்க நொடியில் பிளிறி நாட்டுக்கு நன்மை செய்தமையால் அது கூத்துப் பிரிவில் சேர்க்கப்பட்டது. அதற்கு வேண்டிய தழை வாரந்தோறும் வேழமலையிலிருந்து வருக. அடுத்த கூத்துக்குத் தாங்கள் நேரில் எழுந்தருளி முன்வரிசையில் அமர்க. ஒட்டுமீசைப் பிள்ளை அழும்போது சிரியாதிருக்க. தங்கள் யானை ஒரு காதை அசைத்தால் அதில் பொருள் உண்டு என்று தாங்கள் அருளியது முற்றிலும் உண்மை என மன்னர் இப்போது ஒப்புக்கொள்கிறார்.

மார்கழி முப்பதாம் நாள், தை பிறக்க ஒரு பொழுது இருக்கையில், கலமும் திரையும் பொறித்த அரச இலச்சினை இட்டு விடுத்தது. கடல் கேட்க, கரை கேட்க, இது நிலைக்க.