பூனைக்குப் போன மஞ்சள் கரு

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், உங்கள் மூவரின் நலமும் உன் கடிதத்தில் கண்டோம். முதல் பக்கம் வரை சந்தோஷமாகத்தான் படித்தேன். அடுத்த பக்கத்தில், ஒன்றரை வயதுக் குட்டிப்பயலுக்கு ஆடை நீக்கிய பாலும் முட்டையின் வெள்ளையும்தான் கொடுக்கிறேன், எண்ணெய் வெண்ணெயைக் கண்ணில் காட்டுவதில்லை, அப்பா என்னை வளர்த்த மாதிரியே வளர்க்கிறேன், எடைதான் ஏறமாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள், அது போதாதா.

உனக்குப் பதினொரு வயதில் எனக்கு நெஞ்சுவலி வந்ததே, அப்போது ஆஸ்பத்திரியில் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைக்கிறவன் நான், என் அளவுச் சட்டையை உனக்கும் மாட்டிவிட்டேன். மஞ்சள் கருவைத் தோண்டி மாடிப்படிப் பூனைக்குப் போட்டேன், மீனை நிறுத்தினேன், வேர்க்கடலை டப்பாவை ஒளித்து வைத்தேன். வளர்கிற பிள்ளைக்கு எதற்கு இந்தப் பத்தியம் என்று அம்மா கேட்டதற்கு வீட்டை இரண்டாக்கினேன். பூனை பளபளவென்று திரிந்தது, உனக்குத் தோல் செதில் செதிலாக உரிந்தது, நீ ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று உன்னையே திட்டினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்கும் நேற்றுத்தான் தெரியும். அந்த நாளெல்லாம் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுப்பவர் வாங்கி வரும் பொரித்த பண்டத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. தின்றுவிட்டு வெட்டுத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, நல்லபிள்ளையாக வீட்டுக்கு வந்து உன் தட்டைச் சோதிப்பேன். இதை எழுதக் கை கூசுகிறது.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் அம்மையாரிடம் போனேன். உடம்பால் தானே உண்டாக்க முடியாத கொழுப்பும் இருக்கிறதாம், அது சாப்பாட்டில்தான் வர வேண்டுமாம். சின்னக் குழந்தையின் மூளை வளரவும், சில வைட்டமின்கள் உடம்பில் சேரவும் கொழுப்பு வேண்டுமாம். இரண்டு வயதுக்குள் ஆடை நீக்கிய பால் கூடவே கூடாது என்றார். உன் தோல் உரிந்தது இதனால்தானா என்று கேட்டேன். இத்தனை வருஷம் கழித்து எப்படிச் சொல்வது என்றார். இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை.

அதனால் கண்ணே, குட்டிப்பயலை உடனே டாக்டரிடம் காட்டு. முழுப்பால் கொடு, முள் எடுத்து மீன் கொடு, கடலையை முழுதாகக் கொடுக்காதே, மைய அரைத்துக் கொடு. அப்பா சொன்னாரே என்று இனி எதையும் செய்யாதே, இது ஒன்றைத் தவிர. மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். நாளைக் காலை முட்டையை அவனுக்கு முழுதாக ஊட்டு, ஒரு வாய் நீயும் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் பங்கைப் பூனைக்குப் போட்ட அப்பா