பாறசாலைக்கு ஓடின ரயில்

போத்தனூர்,
14-12-1954

அன்புள்ள அப்பாவுக்கு, ஜெயபாய் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். பிள்ளைக்குச் சளி உண்டு, பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் நெஞ்சுவலி எப்படி? ஆகஸ்டில் நம் பக்கம், தமிழகத்தோடு சேரக் கேட்டுப் போன ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு உங்களிடமிருந்து ஒரே ஒரு கார்டுதான் வந்தது. தபால்காரருக்கே என்னைக் கண்டால் பாவமாயிருக்கிறது.

இங்கே ரயில்வே காலனிக் கண்காட்சிக்கு என் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு மாதிரி ரயில் செய்தேன். சாவி கொடுத்தால் எஞ்சின் ஓடும். நெய்யாற்றின்கரையிலிருந்து உதியன்குளங்கரை வழியாகப் பாறசாலைக்குப் பாதை. பச்சைச் சாயம் முக்கிய மரத்தூள்தான் வயல். கண்ணாடித் துண்டு குளம். தீப்பெட்டியில் நம் வீடும் உண்டு.

கண்காட்சிக் காரியதரிசி வந்து பார்த்தார்.

"அங்கே ஏதம்மா ரயில்? பாலக்காடு என்று பலகையை மாற்று. எல்லைத் தகராறெல்லாம் இங்கே வேண்டாம்."

"நான் எல்லையே போடல்ல சார். தண்டவாளம்தான் போட்டேன்."

"அப்படியானால் பரிசு கிடையாது."

"வேண்டாம் சார். மேசையை மட்டும் விடுங்க."

மேசையைத் தூக்கி வெளியே சைக்கிள்கள் பக்கத்தில் போட்டார்கள். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை சாவி கொடுத்தேன். உள்ளே போகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்துத்தான் போனார்கள். பரமசிவன் என்று ரயில்வேயில் சுமை தூக்கும் ஒரு கலாசி, நம்மூர்ப்பக்கம் பெருங்கடவிளைதான், "மக்கா, பெருங்கடவிளைக்காரன் மட்டும் நடந்தா போகணும்? அங்கேயும் ஒரு பாதை போடு" என்று சண்டைக்கு வந்தார். போடப்போகிறேன்.

இங்கே மண் கறுப்பு. அந்தப் பாதைக்குப் பிஸ்கட் டின்னில் நம் செம்மண் கொஞ்சம் அனுப்புங்கள், உங்கள் கையால் நாலு வரியும்.

பிள்ளை விழித்துவிட்டாள். ஊர்வலத்துக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன் அப்பா. மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் மகள்,
ஜெயபாய்