முறிகண்டிக்குப் போய் வந்த கார்

ஓகஸ்ட் 8, வெள்ளி

விடியவே அனல் காற்று. முற்றம் கூட்டியது நான். கார் நிற்கிற இடமல்லவா!

அண்ணா நேற்றுப் பின்னேரம் கொழும்பிலிருந்து ஓட்டி வந்துவிட்டார். ஸ்போட்ஸ் கார். சிவப்பு. இரண்டே கதவு. பழையதுதான், ஆனால் என்ன பளபளப்பு! நெளுக்குளத்தில் இப்படி ஒன்று நின்றதே இல்லை. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால்: "தம்பி, இதுக்குள்ள இருக்கிறதோ, படுக்கிறதோ?"

கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடப் போகிறாராம். "பொம்பிளையும் மாப்பிள்ளையும் முன்னுக்கு இருந்தா நீங்கள் எங்க இருந்து ஓடுறது?" என்று கேட்டேன். "மாப்பிள்ளைதான் ஓடுவார், விசரி. அதுக்குத்தானே பொடியள் காசு தருவாங்கள்."

இது சரிவந்தால் அண்ணா கட்டாரில் வேலைக்குத் திரும்பிப் போகத் தேவையில்லை. லீவு இந்த மாதத்தோடு முடிகிறது. அம்மா இதையே சொல்லிக்கொண்டு திரிகிறார்.

காரின் கைநூல் ஆங்கிலம். அகராதியோடு இருந்து வாசித்தேன். இஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டால் உடனே நிறுத்த வேண்டுமாம். விஞ்ஞானப் பயிற்சி செய்யவில்லை.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

முறிகண்டிப் பிள்ளையார். புதிதோ பழையதோ, வாகனம் வாங்கினால் முதலில் அங்கேதான். நல்ல சனக்கூட்டம். நான் காருக்குக் காவல்.

பூசை முடிய மாலை. செவ்வந்தியும் மாவிலையும், கை மொத்தம். காரின் முன்வாய் முழுவதும் மூட, குறுக்காகக் கட்டச் சொன்னார் அம்மா. "வடிவா இருக்கு. வீட்டை போகுமட்டும் கழட்டாதை தம்பி."

திரும்பும்போது அம்மா முன் சீற்றில். நான் பின்னால், முழங்கால் நாடியில் முட்ட. அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, எதிரே வந்த பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டினார். "கொப்பர் இருந்திருந்தா, மிச்ச ரெண்டு கதவும் எங்கயடா எண்டு கேட்டிருப்பார்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அப்பா செத்த பிறகு அம்மா இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மாங்குளம் தாண்ட ஊசி ஏறத் தொடங்கியது. பிறகு சிவப்பு. "அண்ணா, ஊசி" என்றேன், மெதுவாக. கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பேசாமல் இரு என்று அர்த்தம். அம்மா கதைத்துக்கொண்டே இருந்தார். கார் ஓடிக்கொண்டே இருந்தது.

புளியங்குளத்துக்குக் கிட்ட வெள்ளைப் புகை. இரும்பை இரும்பு கடித்த சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

லொறியில் ஏற்றி வந்தோம்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

மழை இருட்டு. பெய்யவில்லை. அண்ணாவோடு ரஹீம் நானாவின் கராஜுக்கு.

இஞ்சின் இறுகிவிட்டது. மாலை இன்னும் முன்னாலேயே இருந்தது, அவிந்து, கறுத்து. நானா அதை அறுத்தெடுத்தார். "கழுத்தில போடுறதை மூக்கில கட்டினா மனிசனுக்கே மூச்சு வராது தம்பி." அண்ணா சிரிக்கப் பார்த்தார். "ரேடியேற்றரும் பழசு, காத்தும் போகேல்லை. ஊசி காட்டியிருக்குமே? அப்பவே நிப்பாட்டியிருந்தா தப்பியிருக்கும்."

இந்தக் காருக்கு வேறு இஞ்சின் கிடைப்பது அருமையாம். கிடைத்தாலும் கார் வாங்கிய விலை வருமாம். அண்ணாவின் கையில் இருந்ததெல்லாம் காருக்கே போய்விட்டது.

வரும் வழியில் அண்ணா: "மாலைக் கதையை அம்மாட்டச் சொல்லாதை."

"ஏன் அண்ணா நிப்பாட்டேல்லை?"

"அவா சிரிச்சுக்கொண்டெல்லோ வந்தவா."

ஓகஸ்ட் 15, வெள்ளி

அண்ணா கட்டாருக்குப் போன் எடுத்தார். கிணற்றடியில் நின்று, நெடுநேரம். "ஓம் சேர், வாறன் சேர்."

காருக்குப் படங்கு போர்த்தியாயிற்று. நூலகப் புத்தகம் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஓகஸ்ட் 20, புதன்

காற்று. அண்ணா போய்விட்டார். பெட்டியில்: மிளகாய்த்தூள், பனங்கட்டி, புதுச் சாரம். பஸ் ஏறும்போது என்னிடம், "படி." அவ்வளவுதான்.

பின்னேரம் குசினியில் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி:

"ஒருத்தருக்கும் சொல்லேல்லைப் பிள்ளை. முறிகண்டியில நான் உடைச்ச தேங்காய் அழுகல். அவன்ர சந்தோசத்தைக் கெடுக்கக் கூடாதெண்டு சனத்துக்குள்ள மறைச்சுப்போட்டன். வேற ஒண்டு வாங்கி உடைச்சிருந்தா அவன் இண்டைக்கு இஞ்ச இருந்திருப்பான்."

"அதாலை இல்லையம்மா."

"அப்ப எதாலை?"

அம்மா திரும்பி என் முகத்தையே பார்த்தார்.

"இஞ்சின் பழசம்மா" என்றேன்.

அம்மா நம்பவில்லை.